ஆறாம் பத்தி

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய் என்று பேசி
ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கினேன்.
பதினொரு பக்கம்.
காசநோய் தொற்றாமலிருக்க ஒரு புது மாத்திரை,
ஆறு மாதம், வாரம் ஒன்று.
மாதமொரு முறை ரத்தம், இரண்டு தேக்கரண்டி.

பனகல் சாலையில் நெறிமுறைக் குழு கூடியபோது
என்னையும் உட்காரச் சொன்னார்கள்.
மருத்துவம் தெரியாத ஒருவர் இருந்தாக வேண்டுமாம்.
அந்தத் தகுதி என்னிடம் தாராளமாக இருந்தது.

முட்டையைப் பற்றியே ஒன்றரை மணி நேரம்.
ரத்தம் எடுக்கும் நாளில் ஆளுக்கோர் அவித்த முட்டை.
வெளியே அது உபசாரம்,
மதிலுக்குள் ஆசைகாட்டல் என்றார் வக்கீல் லூர்துராஜ்.
ஒருவேளை சரிதான்.
சிவப்பு மையில் முட்டையை அடித்துவிட்டு
எல்லோரும் சமோசா சாப்பிட்டோம்.

பிறகு ஒரு புதன்கிழமை, புது ஜெயில் ரோடு.
செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சில்லறையையும்.
கரிமேட்டு மீன்வாடை மட்டும்
சீட்டுக் கேட்காமல் உள்ளே போய்வந்துகொண்டிருந்தது.
தையல்கூடத்தில் பாய் விரித்து முப்பத்தொரு பேர்.
வார்டர்கள் அறைக்கு வெளியே நிற்க வேண்டும்
என்று நாங்கள் எழுதியிருந்தோம்.
நின்றார்கள்,
நிழல் உள்ளே விழும்படி.

வாசித்தேன்.
ஐந்தாம் பத்தி வரை கொசு அடிக்கும் சத்தம்.
ஆறாவது:
"நீங்கள் எப்போது வேண்டுமானாலும்,
எந்தக் காரணமும் சொல்லாமல்,
வெளியேறலாம்."

முதலில் பின்வரிசையில் ஒருவன்.
அப்புறம் முப்பத்தொரு பேரும்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
இருமலும் சிரிப்பும் எதுவென்று பிரியாமல்.
வாசல் நிழல்கூடக் குலுங்கியது.
டாக்டர் நப்பின்னை மட்டும் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்,
அச்சுப்பிழையோ என்று.

பிழை என்னுடையதுதான்.
உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற வீட்டில்
உட்கார்ந்து எழுதிய சொல் அது.
"ஆய்விலிருந்து விலகலாம்" என்று திருத்தினேன்.
"அப்ப மத்ததுலருந்து?"

ஜெயசீலன் என்று ஒரு பையன் வராந்தாவிலேயே நின்றான்.
விசாரணைக் கைதி; சேர்க்க வேண்டாம் என்பது குழுவின் முடிவு.
பக்கத்துப் பாய்க்காரர் போன மாதம் ரத்தமாகத் துப்பியிருக்கிறார்.
"எம்மேல குத்தம் இன்னும் நிரூபணமாகல,
அதனால எனக்கு மாத்திரை கெடையாது.
அப்பிடித்தானக்கா?"
அவனைக் காப்பதற்காக என்று சொல்ல வாயெடுத்து
என்னிடமிருந்து என்று முடியுமோ என்று பயந்து
பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

முப்பது பேர் ஒப்பினார்கள்.
கையெழுத்து வராதவர்களுக்கு நான்தான் சாட்சி,
"சார்பற்ற சாட்சி", நானே மொழிபெயர்த்த சொல்.
கடைசியாக ஒச்சப்பன்.
மைப்பெட்டியைத் தொடவில்லை.
"வேணாம்னா எந்த எடத்துல வைக்கணும்?"

வேண்டாம் என்றால் எதுவுமே வைக்க வேண்டாம் ஐயா,
எழுந்து போகலாம்.

"அப்ப நான் சொன்னது எங்கன இருக்கும்?"

பதினொரு பக்கத்தையும் புரட்டினேன்.
இல்லை.

"எங்க பூட்டன் செக்கானூரணிக் கச்சேரியில
ராத்திரிக்கு ராத்திரி ரேகை வச்சிட்டுத்தான் படுத்தாரு.
அந்தச் சட்டத்துல வேணாங்கிறதுக்கு எடமில்ல.
இதுலயும் இல்லையா?"

கடைசித் தாளைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்:
ஒச்சப்பனாகிய எனக்கு இதில் சம்மதமில்லை.
வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.
"காரணம் கேக்கல்லன்னும் போடுங்க."
போட்டேன்.
இடது பெருவிரலை உருட்டி,
மை காயும்வரை ஊதினார்.

நகல் ஒன்று தர வேண்டும், ஒன்பதாம் பத்தி.
ஜெராக்ஸ் மெஷின் சூப்பிரண்டு அறையில்.
அங்கே போய் நிற்கத் தெம்பில்லை.
இன்னொரு தாளில் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.
நாலாக மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கேட்டார்,
"முட்டை தர்றதாச் சொன்னாகளே, நெசமா?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.
கோப்பில் இதற்கு இடமில்லை என்று வண்டியில் சொன்னார்.
பில்லில் பதினொரு பக்கம் என்றே போட்டேன்.